சாச்சாவின் ஸ்டேசன் படம்

என் சாச்சாவுக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாது. வாப்பாவின் தம்பி அவர். சாப்பிட உட்கார்ந்தால் கறி வருமுன் எழும்பிப் போய், யன்னலால் வெயில் எங்கே விழுகிறதென்று பார்ப்பார். புத்தளத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கல்யாண வீடுகளில் படம் எடுப்பார். அந்த வேலையில் அவருக்கிருந்த பெரிய துன்பம் நிழல்தான். எங்கள் ஆட்களுக்குப் படத்தில் நிழல் ஆகாது. மாப்பிள்ளையின் மூக்குக்குக் கீழே கொஞ்சம் இருட்டு விழுந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஒருமுறை என்னை யன்னலோரம் நிறுத்தி, பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி இருட்டிலுமாக ஒரு படம் எடுத்தார். உம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றப் பாதிக்குப் பிலிம் போதவில்லையா என்று கேட்டார்.

அந்தப் படம் எப்படியோ கொழும்பில் ஒரு ஸ்டூடியோ முதலாளியின் கண்ணில் பட்டது. மணப்பெண்ணை யாரும் எடுப்பார்கள், ஆள் நெரிசலான ஓரிடத்தை வெளிச்சமும் நிழலும் கோடுமாக ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வா, பிடித்திருந்தால் வேலை தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து சாச்சா சோற்றைக்கூட நின்றபடிதான் சாப்பிட்டார்.

அவர் பார்த்து வைத்திருந்தது கொழும்பு ரயில் பாதையில் ஒரு பெரிய ஸ்டேசனை. பெயர் வேண்டாம், இன்று அங்கே வேலை செய்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் முண்டியடிக்கும் காலை நேரத்தில், கூரைத் தகரங்களின் இடைவெளியால் வெயில் மேடையில் பட்டை பட்டையாக விழுமாம். ஆனால் அது சண்டைக்காலம். கமராவோடு ஸ்டேசனில் நிற்கும் தமிழ் பேசுகிற இளந்தாரியைச் சும்மா விடமாட்டார்கள். வாப்பா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். சாச்சா கேட்கிற மாதிரி இல்லை.

"அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ" என்றார் வாப்பா கடைசியில். "பிள்ளையோட நிக்கிறவன ஒருத்தரும் பிழையா நினைக்க மாட்டாங்க."

எனக்கு அப்போது எட்டு வயது. படத்தில் நிற்பதற்குத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்து, பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வாப்பா, உம்மா, சாச்சா எல்லோரும் தொண்ணூறில் வடக்கே, சண்டை நடந்த மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நான் புத்தளத்தில் பிறந்தவள். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வரும் பெரியவர்கள் என்னைப் போன்ற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, ஊர் எது என்று கேட்பார்கள். மன்னார் என்று சொல்ல வேண்டும். அது மட்டும் போதாது. எந்தத் தெரு, பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம், முற்றத்தில் என்ன மரம், எல்லாம் வர வேண்டும். சரியாகச் சொன்னால் பேரீச்சம்பழம் கிடைக்கும். புத்தளம் என்று சொன்ன பிள்ளைக்குக் காதில் ஒரு திருகு. கண்ணால் காணாத அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கிணற்றுக் கட்டில் இருந்த வெடிப்பு வரைக்கும் சொல்வேன்.

பாலாவியில் முதல் கோச்சி ஏறிப் போனோம். இறங்கியதிலிருந்து சாச்சா ஒரு நிலையில் இல்லை. குந்தினார், வாங்குப் பலகையில் ஏறினார், தூணுக்குப் பின்னால் போனார், திரும்பி வந்தார். சொன்னது போலவே வெயில் பட்டை பட்டையாகக் கிடந்தது. தூண்களின் நிழல் மேடைக்குக் குறுக்கே நீண்டு விழ, தண்டவாளம் மினுங்கிக்கொண்டு ஓடியது. நடப்பவர்களின் ஒரு கால் வெளிச்சத்திலும் மறு கால் இருட்டிலும் பட்டது. வெயில் ஏறுது மகள், இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று சாச்சா சொல்லிக்கொண்டேயிருந்தார். எனக்குச் சட்டைக் கழுத்து அரித்தது. அவரைப் பார்த்துப் பார்த்து நானும் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

கொழும்புக் கோச்சி வந்தது. மேடையிலிருந்த அத்தனை பேரும் ஒரேயடியாக அசைந்தார்கள். கமரா கிளிக் கிளிக்கென்றது. சாச்சா நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கண்டதில்லை. "கிடைச்சிட்டு" என்றார்.

அதற்குள் பொலிஸார் இருவர் வந்துவிட்டார்கள்.

சாச்சா சிங்களத்தில் பதில் சொன்னார். ஊர் புத்தளம், ஸ்டூடியோவில் வேலை, வேலைக்காக ஒரு படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டையிலும் புத்தளம்தான். அவர்களில் மூத்தவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டார். நீட்டியவர், என் சட்டையைப் பார்த்துச் சிரித்து, துவ என்று மகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஊர் எங்கே என்று கேட்டார்.

விடுவேனா? மன்னார் என்றேன். தெருவைச் சொன்னேன். பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னேன். முற்றத்து மரத்தைச் சொல்லி, கிணற்றுக் கட்டின் வெடிப்பில் மூச்சு வாங்கி நின்றேன். நீட்டிய கை அட்டையோடு திரும்பிப் போயிற்று.

"நீ புத்தளம் எண்டு சொன்ன" என்றார் அவர் சாச்சாவிடம், தமிழிலேயே. "பிள்ளை பொய் சொல்லுதா?"

ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என் சாச்சா அப்போது அசையாமல் நின்றார். என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழத்துக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.

"இல்ல சேர். பிள்ளை சொன்னது சரி. எங்கட ஊர் மன்னார்தான்."

பிறகு ஓர் அறை, ஒரு வாங்கு, எங்கெங்கோ டெலிபோன். எனக்கு மட்டும் ஒரு பிளேன்டீ வந்தது. புத்தளம் ஸ்டூடியோக்காரர் பேசிய பின்தான் எங்களைப் போகச் சொன்னார்கள். அதற்கு முன் அந்த மூத்தவர் வாசல் வெயிலில் நின்று கமராவைத் திறந்து, பிலிமை நீளமாக உருவி எடுத்தார். சாச்சா எப்போதும் அதை இருட்டறையில்தான் எடுப்பார். நான் பார்த்ததே இல்லை. படத்தை இங்கேயே எடுத்துத் தருகிறார்கள் என்று நினைத்து, தொங்கிய சுருளில் என்னைத் தேடினேன். சாச்சா அதைப் பார்க்கவில்லை. வெளியே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறி, பட்டையெல்லாம் போய்விட்டிருந்தது.

வரும் வழியில் எனக்கு மீன் அடைத்த ஒரு மாலு பணிஸ் வாங்கித் தந்தார். பாலாவி வரும்வரை இருந்த இடத்தைவிட்டு அவர் எழும்பவேயில்லை. வீட்டில், வெளிச்சம் போதவில்லை என்று வாப்பாவிடம் சொன்னார். நல்ல வெளிச்சம் இருந்ததே என்று நான் குறுக்கே விழுந்தேன். போய் முகத்தைக் கழுவு மகள் என்றார் சாச்சா.

அன்று மஃரிபுக்குப் பிறகு சாச்சாவே என்னை நிறுத்தி ஊர் எது என்று கேட்டார். ஒன்றும் விடாமல் சொன்னேன். இரண்டு கையும் நிறையப் பேரீச்சம்பழம் தந்தார்.

பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுது சேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அட்டை கைக்கு வந்திருக்கும், படம் கொழும்புக்குப் போயிருக்கும். சாச்சா இன்றும் புத்தளத்தில் நிழல் விழாத மணப்பெண்களைத்தான் எடுக்கிறார். வெயில் பட்ட பிலிமில் படம் மிஞ்சாது என்று எனக்கு விளங்கியது வளர்ந்த பிறகுதான். அன்றைக்கோ அந்த வாரம் முழுக்க, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்: நான் ஊரைச் சரியாகச் சொன்னதால், பொலிஸ் சேரே தன் கையால் சாச்சாவின் படத்தை வெளியே எடுத்துக் கொடுத்தார் என்று.