ஜாடிக்குள் ஒரு தையல்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், சரக்கு லிஃப்டை ஒட்டிய அறையில், பதின்மூன்று வருடமாகச் சிலைகளுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள் அவள். அங்கே எல்லாருக்கும் அவள் மெத்தையக்கா.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பை தைக்கிற தொழிற்சாலையில் இருந்தாள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும், அருங்காட்சியகத்தில் தையல் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திரைச்சீலை தைக்கத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனாள். பெட்டி அடிக்கிற தச்சர் ஒரு பளிங்குத் தலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது கப்பல்ல போகணும். மூக்கு உடையக் கூடாது. இதுக்கு ஒண்ணு தைச்சுக் குடு."

"தலையணையாண்ணே?"

"தலைதானே வச்சிருக்கேன்? அதுக்கு அணைதான்."

டேப்பை எடுத்து, உயிருள்ள ஆளுக்கு எடுப்பதுபோலவே அளவு எடுத்தாள். நெற்றி, தாடை, கழுத்து. பிடரிக்குக் கை போனபோதுதான் திடுக்கிட்டாள். அங்கே முடி ஒவ்வொரு சுருளாகச் செதுக்கப்பட்டிருந்தது. சுவரை ஒட்டி வைக்கிற தலை. பின்பக்கத்தை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? செய்தவன் அதற்கும் மெனக்கெட்டிருந்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவனிடம் அதைத்தான் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

"சலூன்காரன் கூட எனக்குப் பின்னாடி ஒழுங்கா வெட்டுறதில்ல. கல்லுக்கு என்ன கொடுப்பினை பாரு!"

அன்று தொடங்கியது. மேலே வருகிற கூட்டம் கண்ணாடிக்கு வெளியே நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். அவளுக்கோ முதுகும் அடிப்பாகமும் உட்குழிவும்தான் பழக்கம். குளிர் நாட்டிலிருந்து வந்த பொன்பூச்சு மரச்சிலையின் முதுகு மரத்தொட்டிபோலக் குடையப்பட்டிருந்தது. மரம் வெடிக்காமலிருக்க அப்படிச் செய்வார்கள் என்றார் தச்சர். ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த முகமூடியின் உள்பக்கம், அதை அணிந்தவர்களின் நெற்றி பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. பாலைவனத்துப் பக்கமிருந்து வந்த பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் மூன்று விரல் பதிவு. மெருகுக் குழம்பில் முக்கும்போது பிடித்த இடம். தன் மூன்று விரலை அதன்மேல் காட்டிப் பார்த்தாள். கிட்டத்தட்டப் பொருந்தியது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எந்த நூற்றாண்டு, எந்த அரசு என்பதெல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவாள். ஆனால் எந்தச் சாமானைத் தொட்டாலும் "யார் கையோ, எந்தக் காலத்திலோ" என்று உடம்பு ஒருமுறை சிலிர்க்காமல் இருந்ததில்லை.

போன வருடம் ஒரு கண்காட்சிக்காக ஐந்து ஜாடிகள் வந்தன. மூவாயிரம் வருடப் பழசு. மலைகளுக்கு நடுவே ஒரு வறண்ட ஊரில் தோண்டி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு மனித முகம். அவற்றைப் பற்றியே இருபது வருடம் ஆராய்ந்த பேராசிரியர் ஒருவரும் கூடவே வந்தார். மெலிந்த, சத்தம் போடாத மனிதர். ஜாடிகளை வரிசையாக வைத்துக்காட்டினார். முதல் ஜாடியில் இரண்டு கண், வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்ததில் மூக்கு வந்தது. பிறகு காது, புருவம். ஐந்தாவதில் பின்னல், தோடு, கன்னத்துக் குழி வரைக்கும். கை பழகப் பழகக் கலை வளர்ந்த கதை இது என்று அவர் புத்தகமே எழுதியிருந்தார்.

ஜாடிகளின் சுவர் மெல்லியது; திரும்பிப் போகிற பயணத்துக்கு உள்ளுக்கும் ஒரு மெத்தை வேண்டும் என்றார்கள். மெத்தையக்கா கையுறை போட்டுக்கொண்டு, தோடு போட்ட ஜாடிக்குள் கையை விட்டாள். விரலில் ஏதோ நெருடியது. டார்ச்சும் கைக்கண்ணாடியும் கொண்டுவந்து பார்த்தாள். உள்சுவர் முழுக்கச் சன்னமான கட்டம் கட்டமாகப் பதிவு. மேலிருந்து கீழே ஒரு வரி. அதை ஒட்டிச் சீராகப் புள்ளிகள்.

"அண்ணே, இங்க வாங்களேன். உள்ள தையல் இருக்கு!"

தச்சர் சிரித்தார். "உனக்கு எதைப் பாத்தாலும் தையல்தான்."

பேராசிரியரும் வந்து எட்டிப் பார்த்தார். "அது குச்சியால கீறின அலங்காரம்மா. புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கேன்."

"இல்லைங்க சார். ரெண்டு துணியைச் சேத்துத் தைச்ச மடிப்பு இது. ஒரு பைய வச்சுத்தான் இதச் செஞ்சிருக்காங்க."

அவர் மறுபடியும் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். அவள் அவசரம் அவசரமாக முரட்டுத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தாள். வாசல் தொட்டியிலிருந்து மணல் அள்ளி நிரப்பி, பழுதுபார்க்கிற பிரிவில் கேட்டு வாங்கிய களிமண்ணை அதன்மேல் அப்பி, ஜன்னலோரம் வைத்தாள். மண் கொஞ்சம் இறுகியதும் மணலைக் கொட்டி, பையை வாய்வழியாக மெல்ல உருவி எடுத்தாள். உள்ளே டார்ச் அடித்தார் பேராசிரியர். சன்னமான கட்டங்கள். மடிப்பு வரி. புள்ளிகள்.

பழைய ஜாடியையும் இதையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அடுத்த ஜாடியையும் பாத்துடுவோமா?" என்று அவரே கேட்டார்.

ஐந்தையும் பார்த்தார்கள். ஐந்திலும் நெசவில் ஒரே இடத்தில் ஒரு நூல் தடித்து ஓடியிருந்தது. அப்படியானால் ஐந்துக்கும் ஒரே பை. ஐந்தாவதையும் பார்த்து முடித்ததும் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"சார், வரிசை தப்பா இருக்குங்க."

"என்ன வரிசை?"

"தோடு போட்டதுக்குள்ள பை புதுசு. ஒரு கிழிசல் இல்ல. பின்னலில்லாம புருவம் மட்டும் இருக்கே, அதுல அடியில ஒரு ஒட்டு விழுந்திருக்கு. காது வச்சதுல அதே ஒட்டோட இன்னொண்ணு. மூக்கு இருக்கறதுல மூணு. வெறும் கண்ணும் வாயும் இருக்கே, அதுல நாலு ஒட்டு. மடிப்பும் திரும்பத் தைச்சிருக்கு. துணி நைஞ்சு போச்சு. பை பழசாகுமே தவிர, புதுசாகாதுங்களே?"

பேராசிரியர் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. மெத்தையக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. இருபது வருட உழைப்பு ஆயிற்றே!

"தப்பா ஏதும் சொல்லிட்டேனா சார்?"

"இல்லம்மா." அவர் ஜாடிகளைக் கைகாட்டினார். "கத்துக்குட்டியா இருந்து மேல வந்தவங்கன்னு இத்தனை நாள் சொல்லிட்டிருந்தேன். எல்லாம் தெரிஞ்ச கை அது. ஒவ்வொண்ணா வேண்டாம்னு விட்டுட்டே வந்திருக்கு. கடைசில ரெண்டு கண்ணு, ஒரு வாய். அது போதும்னு நின்னிருக்கு."

எழுந்து போய், எளிய ஜாடியின் முன்னால் நின்றார். முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். அவளும் பக்கத்தில் போய் நின்றாள். இவ்வளவு நேரமும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். தோடும் பின்னலும் போட்ட ஜாடி யாரோ ஒரு பெண்ணைப்போல் இருந்தது. இது யாரைப்போலவும் இல்லை. எல்லாரையும் போல இருந்தது. புல்லரித்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஒட்டு ஒவ்வொண்ணையும் முடிக்கிற இடத்துல ரெண்டு தடவை திருப்பிக் குத்தியிருக்கா சார். பிரியக் கூடாதுன்னு. நானும் அப்படித்தான் முடிப்பேன்."

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. என் வாய்ல அப்படி வருது."

அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

கண்காட்சி ஒரு மாதம் தள்ளிப்போனது. ஜாடிகளின் வரிசையைத் திருப்பி வைத்தார்கள். சுவரில் மாட்டிய விளக்கத்தைப் பேராசிரியரே புதிதாக எழுதினார்; தன் முந்தைய கருத்து தவறு என்று முதல் வரியிலேயே போட்டார். அதைக் கண்டுபிடித்தவர் இந்தக் கட்டடத்தின் தையல்காரர் என்று அடுத்த வரி. ஒவ்வொரு ஜாடியின் வாய்க்கு மேலேயும் ஒரு சின்ன விளக்கும் சாய்த்த கண்ணாடியும் வைத்தார்கள், வருகிறவர்கள் உள்ளே பார்க்கட்டும் என்று.

திறப்புக்கு முந்தின காலையில் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தான். கடைசி ஜாடியிடம் நின்றான். கிண்டல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"இது என்னைப் பாக்குதுடி" என்றான், மெதுவாக.

பேராசிரியர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் விடைபெறக் கீழே இறங்கி வந்தார். மெத்தையக்காவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"நாலு ஒட்டுக்கு மேல அந்தப் பை தாங்காது சார். அதுக்கப்புறம் அவ என்ன செஞ்சா?"

"தெரியலம்மா. அங்க பாதி இடம் இன்னும் தோண்டாம கிடக்கு."

"புதுசா ஒண்ணு தைச்சிருப்பா. அடுத்த ஜாடி கெடைச்சா முகத்தப் பாத்துட்டு வச்சிடாதீங்க சார். உள்ள பாருங்க."

"நான் பாத்து என்னம்மா தெரியப்போகுது? உங்களத்தான் கூப்பிடணும்" என்றார் அவர்.