கும்மிடிப்பூண்டிக்குப் போன மரவள்ளி இலை

காலை எட்டரை மணிக்குப் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்குச் சீட்டு ஐந்து ரூபாய். மடியில் ஈரத்துணிப் பொட்டலம் இரண்டு. ஒன்றில் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்ட மரவள்ளி இலை, மற்றதில் நல்ல செடியின் கொழுந்து.

மரவள்ளிக்கு நாங்கள் விதை போடுவதில்லை, குச்சியைத்தான் நடுவோம். சொந்தக்காரர்களுக்குக் குச்சியை விலைக்குக் கொடுப்பதும் இல்லை. நல்ல செடிகளில் வெட்டிய குச்சிகளை என் நாத்தனார் கன்னியம்மாவுக்காகக் கட்டி வைத்திருந்தேன். போன வாரம் வயலைப் பார்த்தவள், "இன்னா அண்ணி, மூலையில தேமல் புடிச்சினு கீதே" என்றாள்.

"வெயில்ல காஞ்சிது" என்றேன்.

என் குச்சியை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் வாயை அடைக்கத்தான் இந்தப் பயணம். இலை நோயைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனைக் கூடத்துக்கு வழி சொன்னது வேளாண்மை அலுவலகத்துப் பெண்.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"மடியில இன்னாம்மா, கீரையா?" என்றார் ஓட்டுநர்.

"நோயாளி."

"ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது."

"இலைக்கு வேற டாக்டர்ப்பா."

அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இரும்பு ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் புகுந்து, தொழிற்சாலைகளைத் தாண்டி இறக்கிவிட்டார்.

பத்து மணி. கூடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே இருட்டு, குளிர். பீரோவைவிட உயரமாக ஒரு நுண்ணோக்கி எந்திரம். வெள்ளைக் கோட்டுப் பெண் இலையை நசுக்கி, மூக்குத்தி அளவு செம்பு வலையில் சாற்றை ஒரு சொட்டு வைத்தாள். சாயம் ஊற்றி, காயவைத்து, எந்திரத்துக்குள் நுழைத்தாள்.

"கண்ண வெச்சிப் பாக்கணுமா?"

"வேணாம்மா. இதுல வெளிச்சத்துக்குப் பதிலா எலக்ட்ரான் போவுது. டிவில தெரியும்."

காலும் கொம்புமாக ஏதாவது வரும் என்று இருந்தேன். திரையில் வந்தவை சாம்பல் நிற மணிகள். இரண்டிரண்டாக ஒட்டி, ரெட்டை வாழைப்பழம் போல.

"நவுரலையே?"

"அது பூச்சி இல்லம்மா, வைரஸ். வெள்ளை ஈ கொண்டாந்து உடும். அப்புறம் குச்சியோடவே போயிடும்."

"இது கெட்ட இலை. அந்த நல்ல இலையப் பாரு. அதுல வெட்டுன குச்சியில பால் சொட்டுது. பால் வந்தா நல்ல குச்சின்னு நடுவோம்."

"பால் வந்தா முளைக்கும். நோய் இருந்தாலும் முளைக்கும்" என்றாள்.

கொழுந்தின் சாற்றை வெகுநேரம் தேடினாள். திரை வெறும் சாம்பலாகவே ஓடியது. எனக்குத் தைரியம் வந்து, கிளம்பலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கை நின்றது. திரையின் ஓரத்தில் ஒரு ஜோடி. பக்கத்தில் இன்னொன்று.

"கம்மிதாம்மா. ஆனா இருக்கு."

ஒரு மணி ரயிலில் திரும்பினேன். பொன்னேரிக்கு முன்னால் கவரைப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். அங்கேதான் கன்னியம்மா வீடு. அவள் நிலத்தை ஓட்டி, குச்சி நட மண்ணை அணைத்துப் பார் போட்டு வைத்திருந்தாள்.

"குச்சி எங்க அண்ணி?"

"கொளுத்தப் போறேன். உள்ள நோய் கீது. கண்ணால பாத்துட்டு வரேன்."

"பாக்க நல்லாத்தான கீது? அதையே குடு. ஓட்டுன நிலம் சும்மாவா கெடக்கும்?"

"உன் நிலமும் கெடணுமா? வேற எடத்துல வாங்கு."

"வெயில்ல காஞ்சிதுன்னு சொன்ன?"

"சொன்னேன். நீ சொன்னதுதான் சரி."

அவள் எனக்குச் சாப்பிட இலை போட்டாள். என் வீட்டுச் சமையல் பக்கத்தில் அவள் குழம்பு எப்போதுமே நிற்காது. அன்றும் உப்புக் குறைவுதான். சொல்லவில்லை, இரண்டாம் தடவையும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.