ஒண்ணு கழிச்சுக்கோ

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்று. வாசலில் பலகை கிடையாது, தேவையும் இல்லை. அந்தப் புறநகரில் யார் "வீடு கட்டலாம்னு இருக்கேன்" என்று வாயைத் திறந்தாலும், "முதல்ல பிளான் அக்காவப் பாருங்க" என்றுதான் பதில் வரும். இருபத்தாறு வருடமாக இதே பதில்தான்.

வீட்டு வரைபடம் வரைந்து, விண்ணப்பம் எழுதி, அனுமதி வாங்கிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் கூத்து. இருபதடி மனையை வைத்துக்கொண்டு மூன்று படுக்கையறை கேட்பார்கள், கார் நிறுத்த இடம் கேட்பார்கள், மாடிப்படிக்குக் கீழே வாடகைக்கு விட ஒரு கடையும் கேட்பார்கள். "காரை எங்கண்ணே நிறுத்துவீங்க, கட்டில் மேலயா?" என்பாள். பக்கத்து மனையை ஒட்டி மூன்றடி காலியாக விட வேண்டும் என்று சொன்னால் போதும், என்னவோ அவள் பேருக்குச் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முறைப்பார்கள். சிரித்துக்கொண்டே திட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. திட்டு வாங்கியவர்கள்தான் மறுநாள் தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைந்து முடித்ததும் வீட்டுக்காரர்களை வெறும் மனைக்கு அழைத்துப் போய், சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுக் காட்டுவாள். கூடம், சமையலறை, குளியலறை, கதவு திறக்கும் பக்கம் எல்லாம் தரையில் வந்துவிடும். "இப்ப உள்ள வாங்க" என்பாள். யாராவது நேரே கோட்டைத் தாண்டி நடந்தால், "ஐயோ, சுவத்துக்குள்ள நடக்குறீங்களே! வாசல் அந்தப் பக்கம்!" என்று கத்துவாள். பெரிய மீசைக்காரர்கள்கூடப் பதறிப்போய்ப் பின்வாங்கி, இல்லாத வாசல் வழியாகச் சுற்றி வருவார்கள். சில புருஷன் பெண்டாட்டிகள் அந்தச் சுண்ணாம்புச் சமையலறையில் நின்றே முதல் சண்டையைப் போட்டு முடித்துவிடுவதும் உண்டு.

உண்மையைச் சொன்னால் அந்தப் பழக்கம் அவள் கணவருடையது. அவர் கொத்தனார். அவள் தொழிலுக்கு வந்த புதிதில், அவள் வரைந்த பிளான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இதே அறை வாசலில் வந்து நின்றார். "இந்தப் படியில ஏறுறவரு ஒண்ணு குள்ளமா இருக்கணும், இல்லன்னா தலையக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ஏறணும்" என்றார். அவளுக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அளந்து பார்த்தால் அந்த மனிதர் சொன்னது சரி, உத்திரம் நெற்றியில்தான் இடிக்கும். அடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து மனை அளக்க இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். அவரிடம் ஒரு துணி டேப் இருந்தது. முதல் ஒரு அடி எந்தக் காலத்திலோ கிழிந்து போய்விட்டது. புதுசு வாங்குங்கள் என்றால் கேட்கமாட்டார். "ஒரு அடி போனதுக்கு நாப்பத்தொம்பது அடியத் தூக்கிப் போடுவியா நீ?" என்பார். 'ஒன்று' என்ற எண்ணை இந்த முனையில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அவள் மறுமுனைக்கு ஓடி எண்ணைப் படிப்பாள். உடனே தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர் குரல் வரும்: "ஒண்ணு கழிச்சுக்கோ!"

"எனக்குத் தெரியாதா? எத்தன வருஷமா இதையே சொல்வீங்க?" என்று அவளும் தவறாமல் கத்துவாள். அப்புறம்தான் கழிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது பக்கம் வரவில்லை. பேச்சு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அவர்கள் இருந்ததோ இரண்டாம் மாடி வாடகை வீடு. செங்குத்தான படி. மருத்துவமனையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்த நாளிலிருந்து அந்த மனிதர் மண்ணை மிதிக்கவில்லை. ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய மனிதர்!

அதைவிட அவளுக்குத் தாங்காத விஷயம் ஒன்று இருந்தது. யாராவது பார்க்க வந்தால் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். கோணிப்போன வாயை யாரும் பார்க்கக்கூடாது. கூட வேலை செய்தவர்கள் வந்து, முதுகைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திக்கொண்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் முகம் பார்க்க வேண்டும் என்று அழுதாலும், மாட்டேன் என்று கையை ஆட்டிவிடுவார்.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சேர்த்ததையெல்லாம் துடைத்து எடுத்து, ஊர் எல்லையில் சின்னதாக ஒரு மனை வாங்கினாள். தரைத்தளம் மட்டும். வாசலில் படி இல்லை, சரிவு. சக்கர நாற்காலி போக அகலமான கதவுகள். கூடத்திலிருந்து பின்னால் போகிற நடை நாலடி அகலம். நடைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் முழுச் சுவர். வருகிறவர்கள் கூடத்தோடு நின்றுவிடுவார்கள், அவரை யாரும் பார்க்கமாட்டார்கள், அவரும் யாருக்காகவும் திரும்பிப் படுக்க வேண்டாம். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு ஆசையாக எதையும் அவள் வரைந்ததில்லை. மனையை அளக்கப் போன அன்று, தனியாக அளக்கப் போக ஆரம்பித்த பிறகு வாங்கிய புது டேப்பை வைத்துவிட்டு அவருடைய பழைய துணி டேப்பைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நம் வீடு, அவர் டேப்பால்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பிரியம்.

விண்ணப்பம் போய்ப் பத்தாம் நாள் மனையைப் பார்க்க ஆய்வாளர் வந்தார். எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பதால் அவருக்குப் பென்சில் சார் என்று பெயர். நேர்மையான ஆள், ஆனால் அரை அங்குலம்கூட விடமாட்டார். இரும்பு டேப்பால் முன்பக்கத்தை அளந்தார். பிளானைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"அக்கா, அகலம் இருபத்துமூணு அடிதான் இருக்கு. நீங்க இருபத்துநாலு போட்டிருக்கீங்க."

"இருக்காது சார். நானே அளந்தேன்."

"நீங்களே வந்து பாருங்க."

பார்த்தாள். இருபத்துமூன்றுதான். கையில் டேப்போடு அப்படியே நின்றாள். துணி டேப்பின் ஒரு முனையை இரும்பு ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, மறுமுனையில் தான் மட்டும் தனியாக நின்று எண்ணைப் படித்த அந்த மத்தியானம் கண் முன்னால் வந்தது. படித்தாள், எழுதிக்கொண்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் கத்தவில்லையே. கத்த அங்கே யாரும் இல்லையே! பத்திரத்தில் இருந்தது மொத்தச் சதுர அடி மட்டும்தான், மனை வேறு கொஞ்சம் கோணல். பெருக்கிச் சரிபாருங்கள் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவள் தனக்கு அதைச் செய்யவில்லை.

"வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நீங்களே உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பீங்க" என்றார் பென்சில் சார், மெதுவாக. "ரெண்டு பக்கமும் மூணடி விட்டே ஆகணும்க்கா. திருத்திக் கொண்டாங்க. நானே மறுபடி வந்து பாக்குறேன்."

நீளத்தில் ஓர் அடி போனால் போகட்டும், பின்னால் இடமிருந்தது. அகலத்தில் போனதுதான் கழுத்தை அறுத்தது. நாலடி நடை மூன்றடியானால் சக்கர நாற்காலி நேராகப் போகும், அறைக்குள் திரும்பாது. படுக்கையறையில் ஓர் அடி எடுத்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்காது. குளியலறையில் கை வைத்தால் அதற்குள் போகவே முடியாது. ஏழு தடவை வரைந்தாள், ஏழு தடவை அழித்தாள். அவருக்கென்று கட்டுகிற வீட்டில் அவர்தான் நுழைய முடியாது என்றால் இது என்ன வீடு?

அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் வரையும் மேசை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அவருக்கு வராதது வலது கை, கண் இல்லை. ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், எட்டாவது காகிதத்தை அவள் விரித்தபோது இடது கையை நீட்டிப் பழைய பிளானை இழுத்தார். இருபத்துநாலு என்ற எண்ணைத் தொட்டார். புதிதில் இருபத்துமூன்றைத் தொட்டார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள். "உங்க டேப்பாலதான் அளந்தேன். கழிக்க மறந்துட்டேன்."

அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. என்னவோ ஏதோ என்று அவள் பதறி எழுந்தாள். அப்புறம்தான் புரிந்தது, சிரிக்கிறார்! இரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவர் கஷ்டப்பட்டு ஒரு சொல்லை எடுத்தார். "மனைக்கு." கொஞ்சம் பொறுத்து, "போலாம்" என்றார்.

அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் வந்து நின்றார்கள். நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். "என்ன மேஸ்திரி, கனம் கொறையவே இல்லையே, அக்கா நல்லாத்தான் போடுறாங்க போல" என்று ஒருத்தர் மூச்சுவாங்கிக்கொண்டே கிண்டல் செய்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தார். நாற்காலியில் எந்தப் பக்கம் திருப்புவது?

மனையில் அவள் சுண்ணாம்புக் கோடு போட்டாள். வெளிச்சுவர், கூடம், மூன்றடி நடை, அவர் அறை. "பாருங்க" என்று அவரை நடைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அறை வாசலுக்கு நேராகத் திருப்பினாள். சக்கரம் சுவர்மேல் ஏறியது. பின்னால் இழுத்து மறுபடி திருப்பினாள், மறுபடி ஏறியது. "இதுதான்ங்க. என்ன பண்ணாலும் இடிக்குது."

அவர் நடைச் சுவரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது காலை நாற்காலியிலிருந்து இறக்கினார். செருப்பில்லாத கால். இரண்டு வருடம் மண்ணைத் தொடாத கால். அந்தக் காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்தார். ஒரு சாண் அழிந்தது. இன்னும் ஒரு சாண் அழித்தார்.

"அது உங்க அறைச் சுவருங்க! அத எடுத்துட்டா எல்லாம் ஒரே இடமாயிரும். கூடத்துல உக்கார்றவங்களுக்கு நீங்க அப்படியே தெரிவீங்க."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியட்டும்" என்றார்.

அவரை மறைக்கத்தானே அந்தச் சுவரை வைத்தாள். அவருக்காக என்றுதான் நினைத்தாள். கேட்டாளா? ஊர் முழுக்க வீட்டுக்காரர்களை நிற்கவைத்து நூறு கேள்வி கேட்கிறவள், இவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. குனிந்து, மிச்சக் கோட்டைத் தன் கையாலேயே அழித்தாள். கூட்டாளிகள் நாற்காலியைச் சுற்றிவிட்டார்கள். சக்கரம் எங்கேயும் இடிக்காமல் முழு வட்டம் போட்டது.

இப்போது புது அளவு வேண்டும். அவள் பையைத் துழாவினாள். துணி டேப்தான் இருந்தது. முனையை அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் 'ஒன்று' மேல் கட்டைவிரலை அழுத்தி, சுவர்க்கோட்டில் பிடித்தார். அவள் மறுபக்கம் போய் இழுத்துப் பிடித்துப் படித்தாள்.

"பதினாறரைங்க!"

அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் காத்திருந்தாள், கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. "ஒண்ணு" என்றார். மூச்சு வாங்கினார். "கழிச்சுக்கோ."

"எனக்குத் தெரியாதா?" என்று கத்த நினைத்தாள். கத்தவும் செய்தாள், ஆனால் அது பாதி அழுகையாகத்தான் வந்தது. பதினைந்தரை என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பென்சில் சார் அவள் திருத்திக் கொடுத்த பிளானோடு வந்தார். அன்றைக்கும் தன்னைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிக் கணவர் அடம்பிடித்திருந்தார். சுண்ணாம்பு வீட்டின் நடுவில், கட்டில் வரப்போகிற இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் முன்பக்கம் அளந்தார், பக்கவெளி அளந்தார், பென்சிலால் குறித்தார். "எல்லாம் சரியா இருக்குக்கா. இந்த வாரமே அனுமதி வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே, அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாம் என்று நேரே குறுக்கே நடந்து வந்தார்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. இடது கையைத் தூக்கி ஆய்வாளரை நிறுத்தினார்.

"சுவரு" என்றார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "வாசல். அந்தப் பக்கம்."

பென்சில் சார் சட்டென்று காலைப் பின்னால் எடுத்தார். கோட்டைச் சுற்றி முன்பக்கம் போனார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள வரலாமாண்ணே?" என்று கேட்டு நின்றார்.

"வாங்க" என்றார் அவர்.