சாமத்திய வீட்டுக்கு வந்த குதிரைகள்

மாமா கனடாவில், விட்பி என்ற ஊருக்கு வடக்கே ஒரு சின்னத் தோட்டம் வைத்திருந்தார். உருளைக்கிழங்கும் பூசணியும் போடுவார். டிராக்டர் வாங்க வசதியில்லாதவர் அல்ல. ஆனாலும் உழவும் இழுக்கவும் இரண்டு குதிரைகளைத்தான் வளர்த்தார். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு வான் வண்டி அளவு இருக்கும். விடிய எழும்பித் தீனி போட்டு, குளம்பு சுரண்டி, கழுத்துப் பட்டை உரசிப் புண் வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் மனுசன் தேத்தண்ணி குடிப்பார். சொந்தக்காரருக்கு இது பெரிய பகிடி.

"கனடாவுக்கு வந்து குதிரை மேய்க்கிற ஒரே ஆள் எங்கட மச்சான்தான்" என்று பெரியப்பா எந்தக் கொண்டாட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

பன்னிரண்டு வயதில் எனக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற சடங்கு. ஊர் என்றால் ஸ்காபரோ. பெரியம்மாவின் மகள் தன்னுடையதற்கு நீளக் காரில் வந்து இறங்கியிருந்தாள். அதை எப்படியாவது வெல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து, அம்மா கடைசியில் மாமாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உங்கட குதிரையளைக் கொண்டு வருவியளே?"

"கட்டாயம் வாறன். தாய்மாமன் நான் கூட்டிவராமல் வேற ஆர்?"

பூசணி ஏற்றுகிற வண்டிக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார். குதிரைகளைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பிடரி மயிரைப் பின்னிப் பூ வைத்தார். அன்று அவருக்கும் பட்டு வேட்டி.

கார்கள் நிற்கிற இடத்தின் ஒரு கோடியிலிருந்து மண்டப வாசல்வரை ஊர்வலம். மேளகாரர் தயார், வீடியோக்காரர் தயார். நகைக்கடை பொம்மைபோல் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதிர்ப்பக்கப் பூங்காவைக் கவனித்தேன். என் வகுப்புப் பெடியன்கள் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தைக் கையில் பிடித்தபடி குதிரைகளையே பார்த்தான். எதற்கு இந்த ஊர்வலம் என்று திங்கட்கிழமை கேட்டால் நான் என்ன சொல்வேன்? செத்துப்போகலாம் போலிருந்தது. முகம் தெரியாதபடி குனிந்துகொண்டேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். வீதிக்கு அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் ஒரு குதிரையின் முன்னங்காலைத் தூக்கினார்.

"தங்கச்சி, உவன் நொண்டுறான். இழுக்க விட்டால் கால் போயிடும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பாவோ, "குதிரையை நம்பின சாமத்திய வீடு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மாமா சிரிக்கவில்லை. பெரியம்மா என்னைச் சால்வையால் மூடி, பின்பக்கக் குசினிக் கதவால் உள்ளே கூட்டிப்போனார்.

பகிடி பண்ணிய அந்தக் கூட்டம் ஒருநாளாவது தன் குதிரைகளைப் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று மாமா எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் என்று நினைக்க எனக்குப் பல வருடம் எடுத்தது. இப்போது அவரை நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

சடங்குக்கு மறுநாள் மிஞ்சிய பலகாரத்தோடு தோட்டத்துக்குப் போனோம். மாமா உழுதுகொண்டிருந்தார். நொண்டிய குதிரை மற்றதோடு சேர்ந்து கலப்பையை இழுத்துக்கொண்டு கம்பீரமாக வந்தது. ஒரே இரவில் கால் சுகமாகிவிட்டதே என்று எனக்குப் பெரிய சந்தோசம். ஓடிப்போய் அதற்குக் கரட் கொடுத்து, மூக்கைக் கட்டிப்பிடித்து, "தேங்க் யூ" என்றேன்.

மாமா பக்கத்தில்தான் நின்றார்.

"ஓம் பிள்ளை, அவனுக்குத்தான் சொல்ல வேணும்" என்றார்.