தொட்ட காய்

அந்த அக்கா தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? தெரிந்தே சொன்னார் என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, இல்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று தோன்றும். இரண்டில் எதை நம்பினாலும் என் மகளுக்கு நடந்தது நடந்ததுதான்.

கொடைக்கானலில் மகள் படிக்கும் பள்ளியில் சனிக்கிழமைதோறும் சதுரங்க வகுப்பு நடக்கும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அம்மாக்கள் நாங்கள் தாழ்வாரத்துப் பெஞ்சில் ஸ்வெட்டருக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்போம். நடுவில் அந்த அக்கா உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் செஸ் அக்கா. அவருடைய மகன் என் மகளைவிட ஒரு வகுப்புதான் மூத்தவன், அதற்குள் திண்டுக்கல் வரை போய்க் கோப்பைகள் வாங்கியிருந்தான். அக்கா எப்போதும் ஒரு பை நிறையப் பச்சைப் பட்டாணி கொண்டுவருவார். பேசப்பேச உரித்துக்கொண்டே இருப்பார். யாராவது தன் பிள்ளை ஜெயித்ததைச் சொல்ல ஆரம்பித்தால் தோலைப் பைக்குள் போடுவதுபோலக் குனிந்துகொள்வார், நிமிரமாட்டார். சொல்கிறவர் தானாக நிறுத்திவிடுவார்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. காய்கள் எப்படி நகரும் என்று தெரியும், அவள் அப்பாவைத் தோற்கடிப்பாள், அதற்கு மேல் ஏறவில்லை. குதிரையையும் யானையையும் சும்மா பறிகொடுத்துவிட்டு விழிப்பாள். எதைக் கொடுத்துப் படிக்கவைப்பது என்று நான் வாரக்கணக்கில் போனில் தேடினேன். செயலிகள், வீடியோக்கள், புத்தகங்கள் என்று வந்துகொண்டே இருந்தன, எல்லாமே தொடக்கநிலைக்கு ஏற்றது என்றே சொல்லின. பி.எஸ்சி. படித்தவள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. வகுப்பு எடுக்கும் சாரைக் கேட்டபோது, "எதையாவது ஒண்ணப் பிடிச்சு ஒழுங்காப் போடச் சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். அதனால் அக்காவிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இத இத்தன நாள் கேக்காம இருந்தீங்க பாருங்க" என்றார். பெரிய ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைச் சொன்னார். அதில் ஒவ்வொரு நகர்த்தலையும் எடைபோடும் இன்ஜினை முழுப் பலத்தில் வைக்கச் சொன்னார். ஒரு காயைத் தூக்கினாலே போதும், நல்ல கட்டம் பச்சையாகும், கெட்ட கட்டம் சிவப்பாகும், பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்றார். வீட்டில் ஒரு மரப்பலகையும் காய்களும் இருக்கின்றன, அதிலும் ஆடவிடலாமா என்று கேட்டேன்.

"போர்டு எதுக்குங்க? கட்டய அடுக்குறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல நாலு கேம் முடிஞ்சிரும். உங்களுக்கு வேற சோலி இல்லையா?"

மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே பலகையைப் பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.

என் கணவர் வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். அங்கிருந்த பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து மென்பொருளை ஏற்றித் தந்தார். மகள் ஒட்டிக்கொண்டாள். காயைச் சுட்டியால் பிடித்துக் கட்டம் கட்டமாக இழுத்துப் போவாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பச்சை. அங்கே விட்டுவிடுவாள். தவறிச் சிவப்பில் விட்டாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் காய் பழைய இடத்துக்கு வந்துவிடும். திரையில் அவள் மதிப்பெண் ஏறியது. விடுதிக்கு வந்த விருந்தினர்களிடம் அவள் அப்பா பெருமையாகக் காட்டினார். மகள் யோசிக்கவே இல்லை, வெறுமனே பச்சையைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் மதிப்பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கினோம். மலைப்பாதை வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தாள், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முகம் தெளிந்துவிட்டது. முதல் சுற்றில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தது அக்காவின் மகன்.

பெற்றோர் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கலாம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு என் மகள் ராணியைத் தூக்கினாள். தூக்கி, ஒரு கட்டத்தின் மேல் பிடித்தாள். அடுத்த கட்டத்தின் மேல் பிடித்தாள். குனிந்து பலகையை உற்றுப் பார்த்தாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. எந்தக் கட்டமும் நிறம் மாறவில்லை. ராணியைப் பழைய இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டுச் சிப்பாயைத் தொட்டாள். எதிரே இருந்தவன் கையைத் தூக்கினான்.

"சார், டச்."

நடுவர் வந்தார். "தொட்ட காயத்தான் ஆடணும் பாப்பா." வகுப்பில் சின்னப் பிள்ளைகள்தானே என்று சார் இந்த விதியைக் கறாராகப் பார்த்ததில்லை. ராணி போகக்கூடிய கட்டங்கள் எல்லாமே அவன் காய்களின் வாயில் இருந்தன. மகள் திரும்பி ஜன்னலில் என்னைத் தேடினாள். நான் என்ன செய்ய முடியும்? அவளே தன் ராணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அக்கா, ஜன்னல் வழியாகப் போனில் பிடித்திருந்த ஆட்டத்தை எல்லா அம்மாக்களுக்கும் ஓட்டிக் காட்டினார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆட்டம் எந்த இடத்தில் செத்தது என்று கூட்டமாகப் பார்ப்பார்கள்.

"ராணியக் கையில ஏந்திக்கிட்டு சாமி சுத்துறா பாருங்க. ஏ புள்ள, நீ வெளையாட வந்தியா, தேர் இழுக்க வந்தியா?"

சிரிப்பு ஓய்ந்தபோது அவருடைய மகன் என் மகளிடம் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னான். "நீ போர்டுல ஆடிப் பழகு. எங்க வீட்ல போர்டுதான். அம்மா எனக்குக் கம்ப்யூட்டரே தராது. தொட்டுட்டு ஆடலன்னா ஸ்கேல்ல கையிலயே விழும்." சொல்லும்போதே விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"இவன் வாயத் தொறந்தா பொய்யிதான்" என்றார் அக்கா, அவன் தோளைப் பிடித்துத் திருப்பியபடி. "வெரசா நட, அடுத்த ரவுண்டு கூப்புடுறாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் தொடங்கியது. தட்டில் இருக்கும் அப்பளத்தை எடுக்கக் கை நீட்டுவாள், பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு சட்டைகளைக் கட்டிலில் வைத்தால் எதன் மேலும் கை வைக்காமல் நிற்பாள். பள்ளிப் பரீட்சையில் விடை தெரிந்தும் பென்சிலைத் தாளுக்கு மேல் பிடித்தபடியே இருந்தாள் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, தொட்டபெறகு தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

அக்காவின் குடும்பம் மகனின் ஆட்டத்துக்காகவே கோயம்புத்தூருக்கு மாறியது. போவதற்கு முன்னால் ஒருநாள் மூஞ்சிக்கல்லில் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். கேட்டுவிட்டேன். ஏன் அக்கா எனக்கு மட்டும் அப்படிச் சொன்னீங்க?

அவர் முள்ளங்கியைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "நீங்க கேட்டீங்க, நல்லதா ஒண்ணச் சொன்னேன். அது உங்க பிள்ளைக்குச் சேருமான்னு எனக்கெப்பிடிங்க தெரியும்? அதுக்கு முந்தி அவ ஆடி நான் பாத்ததில்ல. வீட்ல பக்கத்துல உக்காந்து பாத்தது நீங்கதான?" பிறகு பையை எடுத்துக்கொண்டு, "படிச்சவங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது பலகை மேசையிலேயே கிடக்கிறது. ஒரே நகர்த்தலில் ராஜாவை மடக்கும் புதிர்கள் கொண்ட எளிய புத்தகம் ஒன்றை வாங்கினேன். புதிரைக் காய்களாக அடுக்கிவைத்துத்தான் போடுகிறாள். செயலி ஒன்றும் வைத்திருக்கிறோம். நிறம் காட்டாது, திரும்பப் பெறும் பொத்தானை அணைத்துவிட்டேன், மட்டத்தை அவள் பாதி ஆட்டங்களாவது ஜெயிக்கும்படி வைத்திருக்கிறேன். மழைநாளில் சிக்னல் போனாலும் அது ஓடும். ஆட்டம் முடிந்தால் ஒரே ஒரு தவற்றைத்தான் பேசுவோம், அதையும் அவளே கண்டுபிடித்தால். மெதுவாக ஏறுகிறாள். கை இன்னும் சில சமயம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

போன வாரம் வடகவுஞ்சியிலிருந்து ஒரு பெண் தாழ்வாரத்துப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேரட் தோட்டத்தில் பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் மகளும் என் மகள் வயதுதான். பயமில்லாத பிள்ளை, பட்பட்டென்று காயை வைக்கிறாள். பள்ளி அணியில் பெண் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது ஒரே இடம். வரும் சனிக்கிழமை அவள் மகளுக்கும் என் மகளுக்கும் இடையில்தான் தேர்வு.

"அக்கா, உங்க புள்ள எதுல படிக்குது? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னா அதையே போட்டுக் குடுத்துருவேன்" என்றாள்.

வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. முதலில் தட்டச்சு செய்தது அந்தப் பெரிய மென்பொருளின் பெயரை. என் விரல் தானாகவே அதை எழுதியது. அழித்தேன். புத்தகத்தின் பெயரை எழுதினேன். அதையும் அழித்தேன். அணியில் இடம் கிடைத்தால் என் மகளுடைய கை சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருக்கிறது, அது போகமாட்டேன் என்கிறது.

பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து அனுபவப்பட்டவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். காய் நகர்த்த மட்டும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு எதை முதலில் தரவேண்டும், எதைத் தரவே கூடாது? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன அனுப்பட்டும்? சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நல்லவளாக இருப்பது எனக்குச் சுலபம்.