வேப்பமரத்திலிருந்து கல்படி வரை

எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் என் தங்கையின் புருஷன்மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை. அதைவிடக் கெட்ட ஒன்று. அறுபதுகளின் தொடக்கத்தில், லெந்து நோன்புக் காலத்தில் ஒருநாள், குடித்துவிட்டு வந்து அவளை அறைந்தான். அவளுக்கு இடது காது அன்றோடு போனது. சபை மூப்பர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். அவன் அழுதான், அவள் அவனோடு திரும்பிப் போனாள், எல்லாரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவனை நான் 'மாப்ளே' என்று கூப்பிட்டதே இல்லை.

நாங்கள் இருவரும் விஸ்வநத்தம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவன் மருந்து கலக்கிறவன். நான் எதிரே களத்தில் வெடி காயவைக்கிறவன். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும் என்பதால், விடிந்ததும் அவன் தனியாக மருந்து அறைக்குள் போவான். போகுமுன் தீப்பெட்டி, பீடி, இடுப்புச் சாவி எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் வைத்துவிட வேண்டும். செருப்பையும்தான். இரும்பு தரையில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அள்ளிப் போடக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அது ஒரு வியாழக்கிழமை. தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி காத்துக் கிடந்தது. முந்தின நாள் குடித்தது இறங்காமல், கண் சிவந்து வந்தான். மரத்தடியில் தீப்பெட்டியை வைத்தான். சாவியை வைத்தான். தங்கை கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைக் காக்கைக்குப் பயந்து மூடி அழுத்திக் கிளையில் மாட்டினான். அப்புறம் மருந்து அறையைப் பார்த்து நடந்தான். காலில் செருப்பு. லாடம் அடித்த செருப்பு.

நான் பார்த்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஞாயிறு பள்ளிக்கூடத்துப் படத்தில் சாத்தானைக் கொம்போடும் வாலோடும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்தவன் வக்கீல் மாதிரி வந்தான். நீ அவனைத் தொடப் போவதில்லை, சும்மா நின்றால் போதும் என்றான். காலில் கிடப்பதைப் பார்க்க வேண்டியது யார் வேலை என்றான். தங்கைக்கு மிச்சமிருக்கிற காதாவது தப்பும் என்றான். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்குச் சொல்லக் கூசுகிறது, எனக்கு அது இனித்தது. வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மணல் பாதை. சத்தமே இல்லாமல் நடந்தான். பாதி தூரம் போனான். நான் கையிலிருந்த வெடித் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கர்த்தாவே, அவனையே குனிந்து பார்க்க வையும் என்று ஒரு நினைப்பு வந்தது. என் வேலையை அவர் தலையில் கட்டப் பார்த்தேன். முக்கால் தூரம். மருந்து அறையின் கல்படியில் கால் வைத்தான். லாடம் 'டக்' என்றது.

"ஏலே! செருப்புலே! காலப் பாருலே!"

அது என் குரல்தான். தட்டை வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. அவன் குனிந்து பார்த்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு வெறுங்காலோடு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "மச்சான், நீங்க மட்டும் பாக்கலைன்னா..." என்று அழுதான்.

கம்பெனியில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எனக்காக ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நான் தலை நிமிரவே இல்லை. அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. எடுக்கிறவர்கள் முந்தின நாள் சாயந்திரமே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். யார்மேலாவது பகை இருந்தால் கொடுக்கக் கூடாது. தங்கை அறை வாங்கிய நாளிலிருந்து நான் கொடுத்ததில்லை. அந்தச் சனிக்கிழமையோ, நான் போகுமுன்பே போதகர் என் பெயரை எழுதி வைத்திருந்தார். "இனி என்னப்பா, பகைதான் தீந்துபோச்சே" என்று சிரித்தார். ஆமாம் ஐயா என்று ஒரு வார்த்தை போதும். வியாழக்கிழமை வந்த வக்கீல் மறுபடியும் பக்கத்தில் வந்து நின்றான். "எம்பேர அடிச்சிருங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தேன்.

அவள் மட்டும் இருந்தாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய இடப் பக்கம் உட்கார்ந்து நடந்ததை முணுமுணுத்தேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லியாயிற்று என்று எழுந்து வந்திருக்கலாம். எழுந்து, சுற்றிப் போய், வலப் பக்கம் உட்கார்ந்தேன்.

"மரத்தடியிலேயே செருப்பப் பாத்துட்டேம்மா. படி ஏறுத வரைக்கும் வாயத் தொறக்கல."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறவு ஏன்ணே சத்தம் போட்டீக?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத் தேற்றத் தெரியவில்லை, நானும் அழுதேன். இருட்டுமுன் அவளே போய்த் தன் பெயரையும் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் கோயிலில் மற்றவர்கள் வரிசையாகப் பீடத்துக்குப் போனார்கள். ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் அவள், இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். அவன் புது வேட்டியில் போய் முழங்காலிட்டான். இனிக் குடிப்பதில்லை என்று போதகரிடம் சத்தியம் செய்திருந்தானாம். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"ஏன் மச்சான், நீங்க வரல?"

உடம்பு சரியில்லை என்றால் நம்பியிருப்பான். அவன் முகத்தில் அவ்வளவு நன்றி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆராதனை முடியட்டும் மாப்ளே" என்றேன். "வெளிய வச்சுச் சொல்லுதேன்."