ஒன்பது கற்களின் வரிசை

அத்தானை இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிறகு அன்புவழிபுரத்து வீட்டில் நானும் அக்காவும்தான் மிஞ்சினோம். நான் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். முதுமாணிப் பட்டத்துக்காகப் பாறைகளைப் பற்றி ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். ஊர் பற்றி எரிகிற நேரத்தில் இவளுக்குக் கல்லாராய்ச்சி கேட்குது என்று மற்ற ஆசிரியைகள் என் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர்களுக்கு விளங்கப்படுத்தும் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அது அவ்வளவு கடினமான விஷயமல்ல. நாங்கள் நடந்து திரிகிற இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் பல மைல் ஆழத்தில் கிடந்தவை. அந்தச் சூட்டிலும் அமுக்கத்திலும் எந்தக் கல்லும் மாறிப்போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் ஈரமில்லாத கல் லேசில் மாறாது. எவ்வளவு அமுக்கினாலும் பழைய கனிமங்களோடு பிடிவாதமாகக் கிடக்கும். பாறையும் பாறையும் அரைபட்டு நகர்கிற பட்டையைக் கொய்வு வலயம் என்பார்கள். அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் நுழைந்தால் போதும், கறுத்த கல் வெளிறி, உள்ளே மைக்கா மினுங்க, வேறு கல்லாகிவிடும். அந்தத் தண்ணீர் பட்டையிலிருந்து எவ்வளவு தூரம் பக்கத்துக் கல்லுக்குள் ஊறியது என்பதுதான் என் கேள்வி.

சாம்பல்தீவுக்கு அப்பால் கல்லுடைக்கும் இடம் ஒன்றில் அப்படி ஒரு பட்டை வெளியே தெரிந்தது. பாதை திறந்திருந்த சனிக்கிழமைகளில் போனேன். திசையறிகருவியோ நிலப்படமோ கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்ட ஏலாது. எனவே ஒரு தையல் அளவுநாடாவும், சிவப்பு நகப்பூச்சும், குறிப்பெழுத ஒரு கொப்பியும்தான் என் ஆயுதங்கள். சாவடியில் நின்ற சிப்பாய்கள் என்னைத் தையற்காரி என்றே நினைத்துக்கொண்டார்கள். பட்டையை ஒட்டி முதலாவது கல், பிறகு அளந்து அளந்து விலகி ஒன்பதாவது வரை எடுத்தேன். எல்லாவற்றையும் கைக்கடக்கமாக ஒரே அளவில் உடைத்து, நகப்பூச்சால் இலக்கம் எழுதினேன். ஒவ்வொன்றும் நின்ற இடத்தைக் கொப்பியில் கீறிக்கொண்டேன்.

அங்கே கல்லுடைத்த கிண்ணியாக்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார். "டீச்சர், இதுக்குள்ள என்ன கிடக்கு? தங்கமா?"

"தண்ணி இருந்தது."

"கல்லுக்குள்ளயா?"

"ஓம்."

"அப்ப எங்கட வீட்டுக் கிணத்தையும் ஒருக்கா வந்து பாருங்க. அதுக்குள்ள கல்லுத்தான் இருக்கு."

கற்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முதல் கற்கள் வெளிறல், கடைசி மூன்றும் கறுப்பு. அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் பட்டைக்குக் கிட்ட நின்ற மூன்றாவது கல்லும் கறுப்பாகவே இருந்தது. இரண்டு பக்கத்துக் கற்களையும் மாற்றிய தண்ணீர் அதை மட்டும் தொடாமல் சுற்றிப் போயிருக்கிறது. அப்படியானால் தண்ணீர் சீராக ஊறவில்லை, தனக்கென்று வழி தேடிப் போயிருக்கிறது. என் ஆய்வில் புதிதாக ஏதாவது இருந்தது என்றால் அந்த ஒரு கல்தான். அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். அரிசி புடைத்தபடியே "ம்" என்றாள். சுளகின் சத்தம் நிற்கவில்லை. அந்த ஊர் முழுவதிலும் இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லையே என்று அழுகை வந்தது.

சில நாட்களில் அந்த இடத்தில் இராணுவ முகாம் வந்தது. காவலரண் கட்டுவதற்குப் பட்டை தெரிந்த முகப்பையே வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். இனி என்னிடம் இருந்த ஒன்பது கற்களும் கொப்பியும்தான் மிச்சம்.

அடுத்த கிழமை அன்புவழிபுரத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. நான் பள்ளிக்கூடத்தில் அகப்பட்டுப் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்குக் கீழே கற்களைக் காணவில்லை. கிணற்றடியில், கனகாம்பரப் பாத்தியைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருந்தன. ஒன்றிலும் இலக்கம் இல்லை.

"தும்பும் மணலும் போட்டுத் தேய்ச்சனான்," என்றாள் அக்கா. அவள் விரல் நுனிகள் உரிந்து சிவந்திருந்தன. "நம்பர் போட்ட கல்லு எதுக்கெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? ஆமிக்காரர் வந்து பாத்திட்டு ஒண்டும் கதைக்காமல் போயிட்டாங்கள், பிள்ளை."

"என்ர கொப்பி?"

"அடுப்புக்குள்ள வைச்சிட்டன். அதில படமெல்லோ கீறியிருந்தது."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "உங்கட பயத்துக்கு அத்தானும் போனார், இப்ப என்ர ரெண்டு வருசமும் போச்சுது," என்றேன்.

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். அத்தானைப் பிடித்த அன்று அவரது சட்டைப்பையில் இருந்தது, வீட்டின் பின்பக்கம் கட்ட நினைத்த கக்கூசுக்குப் பென்சிலால் கீறிய படம். அதை ஏதோ முகாமின் வரைபடம் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. அவள் பயத்துக்கும் அவர் போனதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சோறு மூடி வைத்திருப்பாள், நான் போட்டுச் சாப்பிடுவேன். மன்னிப்புக் கேட்கப் பல தடவை குசினி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

கண்டியில் இருந்த என் பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன். மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு பதில் வந்தது. நல்ல மனிதர். வெளிறலிலிருந்து கறுப்புக்கு நிறப்படி அடுக்குங்கள், உங்கள் நிலைமையில் அது போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

கற்களைப் பாத்தியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கறுப்புக் கற்கள் நான்கு இருந்தன. அவற்றில் எது மூன்றாவது? வெட்டித் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் தான் எங்கே நின்றது என்று கல் சொல்லாது. நிறப்படி அடுக்கினால் நான்கும் தூரத்தில் போய்ச் சேரும். தண்ணீர் ஒழுங்காக ஊறியது என்று ஒரு அழகான பொய் கிடைக்கும். அந்த முகப்பு இப்போது உலகத்திலேயே இல்லை. யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. இரண்டு நாள் அடுக்கி அடுக்கிக் கலைத்தேன். பிறகு ஆய்வை விட்டுவிடுகிறேன் என்று பேராசிரியருக்கு எழுதிப் போட்டேன்.

அன்று பின்னேரம் தபாற்கந்தோரிலிருந்து வந்தபோது அக்கா வாசலில் நின்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அந்தப் படிப்பு என்னாலதான்..." என்றாள்.

"இல்லை அக்கா. அது முடிஞ்சுது. பட்டம் தந்திட்டினம்," என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை என் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தாள். பாயாசம் காய்ச்சி அயல் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். அத்தானுக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம். நானும் ஒரு கிண்ணம் குடித்தேன். சேட்டிபிக்கற் எங்கே என்று கேட்டபோது, கண்டிக்குப் பாதை திறந்த பிறகு போய் எடுக்கலாம் என்றேன். பாதை திறந்தது, மூடியது, பிறகும் திறந்தது. அவள் திரும்பக் கேட்கவில்லை.

சண்டை முடிவதற்கு முன்னரே அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். மரண அறிவித்தலைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுதினார். அச்சுக்குக் கொடுக்க முதல் ஒருக்கால் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அன்னாரின் அன்புச் சகோதரி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முதுமாணி.

"அக்கா முந்தியே சொல்லி வைச்சவ, டீச்சர். என்னத்தை விட்டாலும் இதை விடக் கூடாதாம்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சரி, கொடுங்கள் என்றேன்.